பழைய வீட்டில் பேய் பிடிப்பது எப்படி?

நள்ளிரவு ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு கையேடு

பேய் ஆராய்ச்சியாளர் ஆவதற்குப் பட்டம் வேண்டாம், பரீட்சை வேண்டாம். ஒரு பழைய வீடு, ஒரு பை நிறைய பேட்டரி, இருட்டில் நாலைந்து மணி நேரம் தரையில் உட்காரத் தாங்கும் முழங்கால், இவை போதும். அமெரிக்காவில் வரலாற்று இல்லங்கள் பலவும் இதற்காகவே ராத்திரியில் கதவைத் திறந்துவைக்கின்றன. பகலில் அருங்காட்சியகம், இரவில் ஆவி ஆய்வுக்கூடம். டிக்கெட் வாங்கியவர் எல்லோரும் ஆராய்ச்சியாளர்தான்.

ஆனால் வாங்கிய டிக்கெட்டுக்குப் பேய் வராமல் போனால் யார் பொறுப்பு? பெரும்பாலும் நீங்கள்தான். எங்கோ ஒரு விளக்கை எரியவிட்டிருப்பீர்கள். அல்லது போவதற்கு முன்னால் எதையாவது படித்துத் தொலைத்திருப்பீர்கள். அப்படியெல்லாம் நேராமல் இருக்க, கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரத்தில், ஓல்டு டவுன் பகுதியில் இருக்கும் வேய்லி இல்லத்தை உதாரணமாக வைத்து இங்கே முறைகள் சொல்லப்படுகின்றன. அமெரிக்காவிலேயே அதிகமாகப் பேய் நடமாடும் வீடு என்று பெயர் வாங்கிய வீடு அது. அரசாங்கமே அதைப் பேய் வீடு என்று அங்கீகரித்திருப்பதாக ஒரு பேச்சும் உண்டு. அந்தச் சான்றிதழ் எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள். ஆராய்ச்சியாளருக்கு அது அழகல்ல.

1. வீட்டைத் தேர்ந்தெடுங்கள்

நல்ல பேய் வீட்டுக்கு ஒரு தூக்குமரமாவது வேண்டும். வேய்லி இல்லத்துக்கு அஸ்திவாரம் போடுவதற்கு முன்பே அது அமைந்துவிட்டது. 1852-இல் 'யாங்கி ஜிம்' என்று அழைக்கப்பட்ட ஜேம்ஸ் ராபின்சன், ஒரு படகைத் திருடிய குற்றத்துக்காக இந்த மனையில் தூக்கிலிடப்பட்டான். கூட்டாளிகளுக்கு ஓராண்டுச் சிறை; இவனுக்கு மட்டும் கயிறு. வேடிக்கை பார்த்த கூட்டத்தில் தாமஸ் வேய்லியும் இருந்தார். தங்கம் எடுக்க ஊரே கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பிய காலத்தில் நியூயார்க்கிலிருந்து வந்த வியாபாரி அவர். மூன்று வருஷம் கழித்து அதே மனையை அவர் விலைக்கு வாங்கினார். வாஸ்து பார்க்கிறவர் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் தடுத்திருப்பார். வேய்லி தன் சொந்தச் சூளையில் சுட்ட செங்கல்லைக் கொண்டு, பத்தாயிரம் டாலருக்கு மேல் செலவழித்து, 1857-இல் மாடி வீடாகக் கட்டி முடித்தார். குடியேறியபின் மாடியில் கனத்த காலடிச் சத்தம் கேட்டது. ஜிம்தான் நடக்கிறான் என்று குடும்பத்தாரே சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்து, பேய்களின் பட்டியலைச் சரிபாருங்கள். ஒரு பேய் உள்ள வீட்டுக்கு யாரும் டிக்கெட் வாங்க மாட்டார்கள். இங்கே ஜிம் தவிர, வீட்டுக்காரர் தாமஸ், அவர் பிடிக்கும் சுருட்டின் வாசனை, மனைவி அன்னாவின் வாசனைத் திரவியம், அழும் குழந்தை, குடும்பத்தின் நாய் என்று பட்டியல் நீள்கிறது.

பட்டியலில் சின்னச் சின்ன இடைஞ்சல்கள் வரும், பதற வேண்டாம். தாமஸ் வேய்லி 1890-இல் இறந்தது இந்த வீட்டில் அல்ல, நகர மையத்தில் அவர் கட்டிய இன்னொரு வீட்டில். ஆனாலும் இந்த வீட்டு மாடிப்படியின் உச்சியில் நீளக் கோட்டும் தொப்பியுமாக அவரைப் பார்த்ததாகச் சொல்பவர்கள் ஏராளம். தோட்டத்துத் துணிக் கொடியில் கழுத்து மாட்டி இறந்துபோன சிறுமி ஒருத்தியும் உலவுகிறாள். அப்படியொரு மரணத்துக்கு ஆவணம்தான் அகப்படவில்லை. செத்துப்போனவர் பேயாக வருவது பழைய கதை. செத்ததற்கே பதிவில்லாதவர் பேயாக வந்தால், அந்த வீட்டின் சக்தியைக் கணித்துக்கொள்ளுங்கள்.

2. குழுவினரைத் தயார்செய்யுங்கள்

போவதற்கு முன்பே குழுவில் எல்லோருக்கும் எந்த அறையில் எது தெரியும் என்று விலாவாரியாகச் சொல்லிவிடுங்கள். இதில் நம் முன்னோடி இங்கிலாந்தின் ஹாரி பிரைஸ். எசெக்ஸ் பகுதியில் போர்லி என்ற ஊரின் பாதிரியார் இல்லத்தை அவர் 1937-இல் ஒரு வருஷ வாடகைக்கு எடுத்தார். 'தி டைம்ஸ்' நாளிதழில் விளம்பரம் கொடுத்து 48 பார்வையாளர்களைச் சேர்த்தார். அவர்களுக்கு, அங்கே என்னென்ன நடக்கக்கூடும், எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று அச்சிட்ட கையேடு தரப்பட்டது. விடைத்தாளைக் கையில் கொடுத்துவிட்டுத் தேர்வு வைப்பது போன்ற ஏற்பாடு. 1939-இல் அந்த வீடு எரிந்துபோனது. 1956-இல் ஆவி ஆய்வுச் சங்கத்தைச் சேர்ந்த மூவர் எல்லாவற்றையும் துருவிப் பார்த்து, பிரைஸ் மீதே சந்தேகம் எழுப்பி ஒரு புத்தகம் எழுதினார்கள். அதையெல்லாம் குழுவினரிடம் சொல்ல வேண்டியதில்லை.

இந்த முறை பலிக்கும் என்பதற்கு அறிவியல் ஆதாரமும் இருக்கிறது. ஜேம்ஸ் ஹூரன், ரென்ஸ் லாங்கே என்ற இரு ஆய்வாளர்கள், மூடிக் கிடந்த பழைய நாடக அரங்கம் ஒன்றுக்குள் ஆட்களை அனுப்பினார்கள். ஒரு சாராரிடம் 'இது பேய் உலவும் இடம்' என்றார்கள். மறு சாராரிடம் 'பழுதுபார்க்கப் போகிறார்கள்' என்ற தோரணையில் சொன்னார்கள். பேய் என்று கேட்டுவிட்டுப் போனவர்களுக்குத்தான் விசித்திர அனுபவங்கள் அதிகம் வாய்த்தன. 1997-இல் இது ஆய்விதழில் வெளியானது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் பாட்டிமார்கள் செலவில்லாமல் கண்டுபிடித்ததைத்தான் அவர்கள் அட்டவணை போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்த முடிவை நீங்கள் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளாமல் செய்முறையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

3. கருவிகளை வாங்குங்கள்

கருவி விஷயத்தில் ஒரே விதிதான்: வேறு வேலைக்காகச் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும்.

முதலில் கே2 மீட்டர். மின்கம்பிகளைச் சுற்றியுள்ள மின்காந்தப் புலத்தை அளக்கும் சாதனம். வரிசையாக ஐந்து சிறு விளக்குகள். பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும். சுவருக்குள் ஓடும் பழைய மின்கம்பிக்கும் எரியும், பக்கத்து ஆளின் சட்டைப் பையில் செல்பேசிக்கு அழைப்பு வந்தாலும் எரியும். ஆகவே யாரையும் செல்பேசியை அணைக்கச் சொல்லாதீர்கள். சிவப்பு விளக்கு வரை போகாத இரவில் வாடிக்கையாளருக்கு மனநிறைவு இருக்காது.

அடுத்தது லேசர் வெப்பமானி. அறையின் நடுவே 'குளிர்ப் புள்ளி' தேடுவதற்கு. இந்தக் கருவி காற்றின் வெப்பத்தை அளப்பதில்லை. சிவப்புப் புள்ளி எந்தச் சுவரில் விழுகிறதோ அந்தச் சுவரின் வெப்பத்தைத்தான் சொல்லும். அங்கே ஜன்னல் கண்ணாடி இருந்தால் எண் சடாரென்று இறங்கும். அந்த நிமிஷத்தில் "யாரோ நம்மைக் கடந்து போனார்கள்" என்று தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டியது உங்கள் கடமை.

மூன்றாவது ஸ்பிரிட் பாக்ஸ். இது வேறொன்றுமில்லை, எந்த நிலையத்திலும் நிற்காமல் அலைவரிசைகளை ஓட்டிக்கொண்டே போகும் வானொலிப் பெட்டி. இரைச்சலுக்கு நடுவே துண்டு துண்டாக வந்து விழும் சொற்களை ஆவியின் பதிலாகக் கோத்துக்கொள்ள வேண்டும். சான் டியேகோவில் ஒரு கூடுதல் வசதி: எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்ஸிகோவின் டிஹுவானா நகரம். அதன் வானொலி நிலையங்கள் இங்கே கணீரென்று கேட்கும். யாங்கி ஜிம் திடீரென்று ஸ்பானிய மொழியில் பேசி, நடுவே தள்ளுபடி விற்பனையும் அறிவித்தால் திகைக்காதீர்கள். ஒலிநாடாவில் ஆவிக் குரல் தேடிய லாட்வியாக்காரர் கொன்ஸ்டன்டின் ரௌதிவே, ஆவிகள் ஒரே வாக்கியத்தில் பல மொழிகளைக் கலந்து பேசும் என்று அப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.

நான்காவது, உருவம் காட்டும் கேமரா. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2010-இல் விளையாட்டுக்காக வெளியிட்ட கினெக்ட்தான் அதன் உள்ளே இருக்கிறது. எதிரே இருப்பதில் மனித உடலைத் தேடிப் பிடித்துக் கோட்டுருவமாக வரைவது அதற்கு இடப்பட்ட வேலை. மனிதர் இல்லாத இடத்தில் அது நாற்காலியையோ திரைச்சீலையையோ மனிதராக்கிவிடும். 1850-களின் தட்டுமுட்டுச் சாமான் நிறைந்த கூடத்தில் அதைத் திருப்பினால் ஒரு பெரிய குடும்பமே கிடைக்கும்.

கடைசியாகப் பூனைக்கு வாங்கும் ஒளிரும் பந்து. அசைந்தால் மின்னும். குழந்தை ஆவி விளையாட வரும் என்று தரையில் வைப்பார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு மேலான மரத்தரை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று முன்னதாகப் பார்த்து வையுங்கள்.

4. விளக்கை அணையுங்கள்

வேய்லி இல்லத்தில் வாழ்ந்தவர்கள் விளக்கு ஏற்றித்தான் வாழ்ந்தார்கள், பகலிலும் நடமாடினார்கள். ஆனால் அவர்களுடைய ஆவிகளுக்கு வெளிச்சம் ஆகாது என்பது துறையின் ஆதார விதி. 1960-களில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ரெஜிஸ் ஃபில்பின் அங்கே ஒரு இரவில் வெண்ணிற உருவத்தைப் பார்த்ததாகவும், கைவிளக்கை அடித்ததும் அது மறைந்துவிட்டதாகவும் சொல்லியிருக்கிறார். பாடம் தெளிவு: கைவிளக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இருட்டு வந்துவிட்டால் மற்றவற்றை வீடே பார்த்துக்கொள்ளும். பகல் வெயிலில் விரிந்த மரம் ராத்திரிக் குளிரில் சுருங்கும்போது படிக்கட்டு ஒவ்வொன்றாக முனகும். சற்றுத் தள்ளி ரயில் நிலையம், அப்பால் நெடுஞ்சாலை. அதிர்வு வந்தபடி இருக்கும். இங்கிலாந்துப் பொறியாளர் விக் டான்டி, தன் ஆய்வுக்கூடத்தில் சாம்பல் நிற உருவம் ஒன்று ஓரக்கண்ணில் தெரிவதை விசாரித்தார். வாள் வீச்சுப் போட்டிக்காகப் பிடிமானத்தில் மாட்டியிருந்த மெல்லிய வாள் தானாக அதிர்வதைக் கவனித்துப் பின்தொடர்ந்தபோது, ஒரு மின்விசிறியைப் போய்ச் சேர்ந்தார். காதுக்கு எட்டாத, விநாடிக்கு ஏறக்குறைய 19 அதிர்வுள்ள ஒலியை அது எழுப்பிக்கொண்டிருந்தது. விசிறியைச் சரிசெய்ததும் உருவமும் போய்விட்டது. 1998-இல் அதைக் கட்டுரையாக எழுதினார். எல்லாப் பேய் வீட்டுக்கும் அந்த விளக்கம் பொருந்தாதுதான். ஆனால் அவரைப் போல எழுந்து போய் எது ஆடுகிறது என்று பார்க்கும் ஆளைக் குழுவில் சேர்த்தால் அந்த இரவு வீண்.

இந்தக் கையேட்டில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் விளையாட்டு இல்லை. பழைய வீட்டில் தலைவலி, நெஞ்சழுத்தம், காலடி ஓசை, யாரோ நிற்பது போன்ற உணர்வு எல்லாம் சேர்ந்து வந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். 1921-இல் அமெரிக்கக் கண் மருத்துவர் வில்லியம் வில்மர் ஒரு குடும்பத்தின் கதையைப் பதிவு செய்தார். வீடு முழுக்கப் பேய் என்று அவர்கள் அரண்டுபோயிருந்தார்கள். செடிகள் கூட வாடின. பழுதான வெப்பமூட்டும் உலையிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம். அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, கருணையும் இல்லை. அதைக் காட்டும் கருவி கே2 மீட்டரோடு ஒப்பிட்டால் பெரிய செலவில்லை. ஆனால் வேட்டைப் பைகளில் அதற்கு அநேகமாக இடம் இருப்பதில்லை.

5. கேள்வி கேளுங்கள்

"இங்கே யாராவது இருக்கிறீர்களா? இருந்தால் ஒரு முறை தட்டுங்கள்." இது மாறாத முதல் கேள்வி. தட்டும் ஆவி 1848-இல் நியூயார்க் மாநிலத்தில் ஃபாக்ஸ் சகோதரிகளிடம் அறிமுகமானது. நாற்பது வருஷம் கழித்து, 1888-இல், சகோதரிகளில் ஒருவரான மார்கரெட்டா, அந்தச் சத்தம் தன் கால்விரல் மூட்டைச் சொடுக்கி எழுப்பியது என்று மேடையில் செய்தே காட்டினார். கேள்வி மட்டும் இன்றுவரை நிற்கவில்லை.

இரண்டாவது கேள்வி, "எங்களைப் பிடிக்கவில்லையா?" மூன்றாவது, "எப்படிச் செத்தீர்கள்?" நள்ளிரவில் ஒருவர் வீட்டுக்குள் பத்துப் பேராகப் போய் உட்கார்ந்துகொண்டு கேட்பதற்கு எவ்வளவு பண்பான கேள்விகள் என்று பாருங்கள்.

வயலட் வேய்லியிடம் இந்த மூன்றாவது கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். தாமஸின் மகள். 1882-இல் கல்யாணமாயிற்று. சிறிது காலத்திலேயே கணவன் அவளைக் கைவிட்டுப் போனான். அவன் மணந்ததே சொத்தை எண்ணித்தான் என்று தெரிந்தது. விவாகரத்து என்ற சொல்லைச் சொல்லவே ஊர் கூசிய காலம். 1885-இல், 22 வயதில், அவள் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். ஏன் என்பதை அவளைச் சுற்றியிருந்தவர்கள் அறிந்திருந்தார்கள். கடைசிக் குறிப்பு ஒன்றும் எழுதிவைத்திருந்தாள். நூற்றுச் சில்லறை வருஷம் கழித்து வந்து, ஒரு வானொலிப் பெட்டியை நீட்டி "ஏன் செய்தாய்?" என்று கேட்பவருக்கு அந்தப் பெண்ணிடம் அக்கறை இருப்பதாகச் சொல்ல முடியாது.

அழும் குழந்தைக்கும் இதே கதிதான். அப்பா பெயரையே வைத்த சின்ன தாமஸ். 1858-இல், ஒன்றரை வயதில், ஸ்கார்லெட் காய்ச்சலில் போய்விட்டான். இன்று ஒரு மருந்துச் சீட்டில் தீரும் தொற்று. அன்று பென்சிலின் இல்லை. அவனைப் பெற்றவள் அடுத்த ஐம்பத்தைந்து வருஷம் உயிரோடு இருந்தாள். இது சுவரில் மாட்டியுள்ள விவரப் பலகைச் செய்தி. ஆனால் இருட்டில் பலகை தெரியாது, பந்துதான் மின்னும்.

6. ஆதாரங்களைத் தொகுத்துக்கொள்ளுங்கள்

வீடு திரும்பியதும் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளையாக உருண்டை உருண்டையாகத் தெரிபவை 'ஆர்ப்'. லென்ஸுக்கு மிக அருகில் மிதக்கும் தூசியில் ஃப்ளாஷ் வெளிச்சம் பட்டுத் திரும்புவதுதான் அது. கேமராக்கள் சிறுத்து, ஃப்ளாஷ் லென்ஸுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகு ஆவிகளின் எண்ணிக்கை பெருகியது. அறையைப் பெருக்கித் துடைக்கும் ஊழியரிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

ஒலிப்பதிவில் தெளிவில்லாத முனகல் கிடைத்தால், அது என்ன சொல்கிறது என்பதைத் திரையில் எழுதிக் காட்டிவிட்டு ஒலிக்கவிடுங்கள். எழுதியது கேட்கும். எழுதாமல் ஒலிக்கவிட்டுப் பத்துப் பேரைத் தனித்தனியே எழுதச் சொன்னால் பத்துப் பதில் வரும். இதுவும் ஓர் ஆராய்ச்சிதான். அதற்கு நிதி கிடையாது.

குழுவில் எப்படியும் ஒரு சந்தேகப் பேர்வழி வந்துவிடுவார். ஒன்றும் நடக்காத நாலு மணி நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதும் பழக்கம் அவருக்கு இருக்கும். "உங்களுடைய எதிர்மறை அதிர்வால்தான் ஆவி வரவில்லை" என்று சொல்லி அவரைக் காவலுக்கு வாசலில் நிறுத்துங்கள். பேய் வந்தால் வீட்டின் பெருமை, வராவிட்டால் அவருடைய குற்றம். இந்த ஏற்பாட்டில் ஆராய்ச்சி ஒருபோதும் தோற்காது.

7. எக்காரணம் கொண்டும் படிக்காதீர்கள்

இதுதான் கடைசி விதி, எல்லாவற்றிலும் கடுமையானது. இந்த வீட்டைப் பற்றி உட்கார்ந்து படித்தீர்களானால் பேய் வேட்டையில் ஆர்வம் போய்விடும். ஏனென்றால் நடந்த சங்கதி அதைவிட விறுவிறுப்பு.

1868 முடிவில் இந்த வீட்டின் மாடியில் சான் டியேகோவின் முதல் வணிக நாடக அரங்கம் நடந்தது. அடுத்த வருஷம் ஒரு பகுதி கவுண்டி (மாவட்ட) நீதிமன்றமானது. அதே காலத்தில் அலோன்சோ ஹார்ட்டன் என்பவர் கடலோரமாகப் புது நகரம் ஒன்றை எழுப்பிக்கொண்டிருந்தார். பழைய நகரமா, புது நகரமா என்ற போட்டி. நீதிமன்ற ஆவணங்கள் எங்கே இருக்கின்றனவோ அந்த ஊர்தான் தலைநகரம். 1871 மார்ச் மாதம், வேய்லி சான் பிரான்சிஸ்கோ போயிருந்த சமயம், ஆயுதம் தாங்கிய ஆட்கள் வீட்டுக்குள் புகுந்தார்கள். அன்னாவும் குழந்தைகளும் உள்ளே இருக்கும்போதே ஆவணங்களை அள்ளிக்கொண்டு புது நகரத்துக்குப் போய்விட்டார்கள். பழைய நகரத்தின் கதை அத்தோடு சரிந்தது.

வேய்லி விடவில்லை. நீதிமன்றத்துக்காக வீட்டில் செய்த மாறுதல்களுக்கு ஈடும், மீதி வாடகையும் கேட்டுக் கவுண்டி நிர்வாகத்துக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். பணம் கடைசிவரை வரவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் அவர் ஆவி இன்னும் மாடிப்படியில் நிற்கிறது என்று ஒரு கதை உண்டு. பேய்க் கதைகளில் இதாவது ஆவணத்தோடு ஒத்துப்போகிறது. கடைசி மகள் கொரின் லில்லியன் 1953-இல் காலமானபின் வீடு இடிபடும் நிலைக்கு வந்தது. 1956-இல் அதை வாங்கிக் காப்பாற்றியது யார் என்றால், வாடகை பாக்கி வைத்த அதே சான் டியேகோ கவுண்டிதான்! பழுதுபார்த்து 1960-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

இன்றைக்கு அந்தச் செங்கல் சுவர்கள் நிற்பதில் பேய்களுக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்கக் கூடாது. நாடக அரங்கத்தையும் நீதிமன்ற மேசையையும் பார்க்க வருகிறவர்கள் கொஞ்சம்; ஆவியைத் தேடி வருகிறவர்கள் கூட்டம். ஒரு பழைய கட்டடத்தின் கூரையை மாற்ற என்ன செலவாகும் என்று தெரிந்தவர்கள் இரவு டிக்கெட்டைப் பரிகாசம் செய்ய மாட்டார்கள். பேய் காட்டிக் காசு வாங்குவதில் எனக்கு வழக்கில்லை. இறந்தவர்கள் ஏற்கனவே எழுதிவைத்த பதிலைப் படிக்காமல், அவர்களைத் தட்டச் சொல்லி உட்கார்ந்திருப்பதில்தான் வழக்கு.

மகனையோ மகளையோ பார்க்க சான் டியேகோ பக்கம் போகிறவர்கள் ஓல்டு டவுனில் இறங்கி அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். பகல் டிக்கெட் வாங்குங்கள். விவரப் பலகைகளை நின்று படியுங்கள். வேய்லிக்கு வர வேண்டிய வாடகை பாக்கி எவ்வளவு, அதை யார் தர வேண்டியது என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது விடாமல் கேட்ட கேள்வி அது.